கணக்கறையின் சாவி

பம்பு செட்டும் வார்ப்பட இரும்பும் மாவரைக்கும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்பும் கோயம்புத்தூரில், பீளமேட்டிலாயினும் கணபதியிலாயினும் குறிச்சி சிட்கோவிலாயினும், எந்தச் சிறு தொழிற்கூடத்தினுள் நுழைந்து பார்த்தாலும், லேத்துகளின் இரைச்சலுக்குச் சற்றே ஒதுங்கினாற்போல் கண்ணாடித் தடுப்புப் போட்ட கணக்கறை ஒன்று இருக்கும். அதன் மேசைமீது ஒரு கணினி இருக்கும். அந்தக் கணினியினுள் அத்தொழிற்கூடத்தின் கொள்முதல், விற்பனை, கூலி, வரி, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் ஆகிய சகலமும் அடங்கியிருக்கும். இயந்திரத்தை வாங்கிய ரசீது முதலாளியின் பெயரில்தான் இருக்கிறது. அதன் நிர்வாகிக் கடவுச்சொல், அதாவது எல்லோரும் அட்மின் பாஸ்வேர்டு என்று சொல்லும் அந்த ஒற்றைச் சொல், யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பல இடங்களில் திருப்தியான பதில் கிடைப்பதில்லை. "அது நம்ம சர்வீஸ் தம்பிக்குத்தானுங்க தெரியும்" என்பார்கள்; அல்லது, "முன்ன இருந்த அக்கவுண்டண்ட் போட்டதுங்க" என்பார்கள்.

கடவுச்சொல் மறந்துபோவதை மனித ஞாபகத்தின் பலவீனம் என்று எண்ணி, ஆள் ஒருவரை அழைத்து அரை நாளில் சரிசெய்து கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவது நம் வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. பொருளின் பாத்தியதை ஒருவரிடமும் அதன் சுவாதீனம் இன்னொருவரிடமும் இருக்கும் நிலைமையே இந்த மறதியின் வேர்; முதலாளி அந்தச் சொல்லை மறக்கவில்லை, அவருக்கு அது என்றுமே தெரிந்திருக்கவில்லை.

ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யவேண்டிய 20-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறையின் கணக்கறையில் நான் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. கணக்கு எழுதி வந்தவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டதற்கு, கணினி மாற்றச் சொல்லி அடிக்கடி கேட்டதால் மாற்றிக்கொண்டே வந்ததாகவும், கடைசியாகப் போட்டது எதுவென்று ஞாபகமில்லை என்றும் சொன்னார். சட்டைப் பையில் பென் டிரைவோடு ஒரு சர்வீஸ் இளைஞர் வந்தார். இரண்டு மூன்று உபாயங்களை முயன்று பார்த்துவிட்டு, "ஃபார்மேட் அடிச்சர்லாங்கண்ணா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்றார். "அடிச்சா கணக்கெல்லாம் போயிருமா தம்பி?" என்று முதலாளி கேட்டார். "பேக்கப் வெச்சிருக்கீங்களாண்ணா?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பின்பு அந்த இளைஞர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்து, ஒரு சிறிய கேபிளால் தம்முடைய மடிக்கணினியில் மாட்டினார். எந்தக் கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. டேலி என்னும் கணக்கு மென்பொருளின் கோப்புகள், சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரங்கள், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கொடுத்த விலை, எல்லாம் வரிசையாக அவர் திரையில் வந்து நின்றன.

முதலாளியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கோ, அத்தனை நாளும் அந்தப் பட்டறையைக் காத்துவந்ததாக எண்ணியிருந்த பூட்டு எதைக் காத்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

அதன் விடையை அறிய, கடவுச்சொல் கணினிக்குள் எவ்வாறு இருக்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் அவசியம். நாம் இடும் சொல் இயந்திரத்தில் எழுதி வைக்கப்படுவதில்லை. அச்சொல்லை ஒரு கணித முறையில் அரைத்து, அதிலிருந்து கிடைக்கும் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணை மட்டுமே விண்டோஸ் தன் கோப்பொன்றில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை நாம் சொல்லை இடும்போது அதையும் அவ்வாறே அரைத்து இரண்டு எண்களும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கிறது. அரைத்ததிலிருந்து மூலத்தை மீட்க நேர்வழி கிடையாது. ஆகையால், மறந்த சொல் என்னவென்று சொல்லிவிடுகிறேன் என்று வருகிறவர், சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊகித்துப் பார்க்கலாமே ஒழிய, பார்த்துப் படித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணை அழித்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைக்கலாம். வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து, அதைக் கொண்டு இயந்திரத்தைத் துவக்கிவிட்டால், விண்டோஸின் காவல் அங்கே விழித்திருப்பதில்லை. நார்வேக்காரரான பெட்டர் நோர்டால்-ஹாகன் என்பவர் 1990-களின் பிற்பகுதியிலேயே இதற்கொரு சிறு நிரலை எழுதி உலகுக்கு இலவசமாகத் தந்தார். இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்து அதைத் தன் கையால் தொட முடிந்தவனுக்கு, உள்ளடக்கம் சாவியின்றிப் படிக்க இயலாதபடி மறைகுறியாக்கப்படாதவரையில், கடவுச்சொல் ஒரு தடையே அன்று. லினக்ஸிலும் நிலைமை இதுவே.

இதைவிட முறையான வழிகளும் உண்டு. அதே இயந்திரத்தில் நிர்வாக அதிகாரமுள்ள இன்னொரு கணக்கு இருந்தால், அதனுள் நுழைந்து மறந்த கணக்கின் சொல்லை மாற்றிவிடலாம். முன்யோசனையாக மீட்பு வட்டு ஒன்று செய்து வைத்திருந்தால் அது உதவும். 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, முன்னரே பதிந்த இரகசியக் கேள்விகளுக்கு விடை சொல்லியும் மாற்றிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் நுழைகிறவர்களாயின், பதிவு செய்த கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் எண்ணைக் கொண்டு வேறொரு கருவியிலிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம். இவற்றுள் முதல் மூன்றும் மறப்பதற்கு முன்னரே செய்துவைக்க வேண்டிய காரியங்கள் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். நான்காவதோ, பதிவு செய்த கைபேசி யாருடையது என்பதைப் பொறுத்தது.

கணினியில் கடவுச்சொல் என்னும் ஏற்பாடு தோன்றிய வரலாறு இங்கே நினைக்கத் தகுந்தது. 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள வகைசெய்த பேராசிரியர் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ, ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாதிருக்கவே அதைப் புகுத்தினார். 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய இயந்திர நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின், இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம் மாறிப்போய், நுழைகிறவர்களுக்குக் காட்டும் அன்றாட அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியல் முழுவதுமே எல்லோருக்கும் காட்சியளித்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சனின் பழைய கடவுச்சொல்லை 2019-இல் ஆர்வலர் ஒருவர் நவீன இயந்திர பலத்தால் கண்டுபிடித்தபோது, அது சதுரங்க ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் ஒன்றின் குறியீடாக இருந்தது. இத்துறையின் தந்தையராலேயே ஒரு சொல்லை முழுமையாகக் காத்துவிட முடியவில்லை என்பதனால், மனிதருடைய ஞாபகத்தின்மேல் மட்டும் ஒரு நிறுவனத்தின் கதவை நிறுத்துவது விவேகமாகாது.

இதுகாறும் சொன்னது பழைய இயந்திரங்களின் கதை. இனி வருவது வேறு. என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றதனால், பழைய பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் புதியன வாங்கும் நிர்ப்பந்தம் நம் தொழிற்கூடங்களுக்கு ஏற்பட்டிருக்கிறது. புதிய விண்டோஸ் 11 இயந்திரங்களிலோ, மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் முதன்முதலாக நுழையும்போதே, பெரும்பாலும் கேளாமலேயே, ஹார்ட் டிஸ்க் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டுவிடுகிறது. திருட்டுக்கும் ஒற்றுக்கும் எதிராக இது மிகச் சிறந்த காவல். கணபதிப் பட்டறையில் நான் கண்டதுபோல் டிஸ்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால் இனி ஓர் எழுத்தும் தெரியாது. சர்வீஸ் இளைஞரின் பென் டிரைவும் அங்கே பயன்படாது. எஞ்சுவது மீட்புச் சாவி ஒன்றுதான்: ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள், ஆக 48 இலக்கங்கள். அது கிடைக்காவிடில் மைக்ரோசாஃப்டே வந்தாலும் திறக்க இயலாது.

அந்த 48 இலக்கங்கள் எங்கே போய்ச் சேருகின்றன? முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பெயரால் இயந்திரத்துக்குள் நுழைந்தார்களோ, அந்தக் கணக்கில். கணினியைக் கொண்டுவந்து இறக்கி, வயர்களை மாட்டி, பிரிண்டரைச் சேர்த்து, "மெயில் ஐடி சொல்லுங்கண்ணா" என்று கேட்கிற இளைஞருக்கு, உடனே சொல்லத் தெரியாமல் முதலாளி தயங்குவார். நேரமாகிறதே என்று அந்த இளைஞர் தம்முடைய மின்னஞ்சலையே இட்டு வேலையை முடித்துவிடுவார். அவர்மீது குற்றம் ஏதும் இல்லை. உதவும் எண்ணத்தோடுதான் செய்கிறார். ஆயினும் அந்தக் கணத்திலேயே கூடத்தின் முழுக் கணக்கும் அந்நியர் ஒருவருடைய அஞ்சற்பெட்டியின் தயவில் வந்துவிடுகிறது. மூன்று வருஷத்துக்குப் பின் அவர் கடையை மாற்றியிருப்பார், எண்ணை மாற்றியிருப்பார், துபாய்க்கே போயிருப்பார். பிறகு, ஒரு மென்பொருள் திருத்தத்துக்குப் பின்னோ மதர்போர்டு மாற்றியபோதோ நீலத்திரை தோன்றி 48 இலக்கங்களைக் கேட்கும்போது, யாரைத் தேடுவது?

டேலியிலும் இதற்கு நிகரான ஏற்பாடு உண்டு. டேலி வால்ட் என்னும் வசதியைப் பயன்படுத்திக் கம்பெனிக் கணக்கை மறைத்து வைத்துவிட்டு அந்தச் சொல்லை மறந்தால், தரவை மீட்கத் தம்மாலும் இயலாதென்று டேலி நிறுவனத்தாரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். டெண்டருக்கும் வரிக்கும் உபயோகிக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அவ்விதமே. பல முறை தவறாக இட்டால் பூட்டிக்கொள்ளும், பின்பு பெரும்பாலும் புதிதாக வாங்கவேண்டி வரும்.

சிறு நிறுவனங்களுக்குத்தான் இந்த அவஸ்தை என்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியில் டெரி சைல்ட்ஸ் என்ற வலைப்பின்னல் பொறியாளர் ஒருவர் இருந்தார். நகரத்தின் அலுவலகங்களை இணைக்கும் கண்ணாடியிழை வலைப்பின்னலை அமைத்தவர்களுள் முதன்மையானவர் அவர். அதன் நிர்வாகிக் கடவுச்சொற்கள் காலப்போக்கில் அவர் ஒருவர் வசமே தங்கிவிட்டன. 2008-இல் மேலதிகாரிகள் அவற்றைக் கேட்டபோது, தகுதியற்றவர்கள் கையில் கொடுத்தால் தாம் கட்டியதைக் கெடுத்துவிடுவார்கள் என்று நம்பி அவர் கொடுக்க மறுத்தார். ஜூலை மாதத்தில் கைதானார். வலைப்பின்னல் அப்போதும் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நகரத்தின் சொத்தை நகரத்தார் தொடமுடியவில்லை. ஒருவாரத்துக்கு மேல் கழிந்தபின், மேயர் கேவின் நியூசம் சிறைச்சாலைக்கு நேரில் சென்று அச்சொற்களைப் பெற்றுவந்தார். சைல்ட்ஸுக்கு 2010-இல் நான்கு வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அவருடைய பிடிவாதத்தைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். அத்தனை பெரிய மாநகராட்சி, ஒரு தனி மனிதருடைய ஞாபகத்தைத் தவிர வேறெங்கும் அச்சொற்களைப் பத்திரப்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் இருந்ததே, அதைத்தான் நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

நம் நாட்டோடு தொடர்புடைய இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். குவாட்ரிகா என்னும் கனடா நாட்டுக் கிரிப்டோ நாணய நிறுவனத்தின் தலைவர் ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் காலமானார். கடவுச்சொற்கள் அவருக்கு மட்டுமே தெரியும், ஆகையால் வாடிக்கையாளர் பணத்தை எடுக்க வழியில்லை என்று நிறுவனம் அறிவித்தது. நீதிமன்றம் நியமித்த கணக்காய்வாளர்கள் துருவிப் பார்த்தபோது, அந்தக் கடவுச்சொற்களால் பூட்டியிருந்ததாகச் சொன்ன டிஜிட்டல் பெட்டகங்கள் மாதக்கணக்கில் முன்னரே காலியாகிவிட்டிருந்தன. சாவி ஒருவரிடமே இருக்குமிடத்தில், உள்ளே பொருள் இருக்கிறதா என்பதைக்கூடப் பிறர் அறிய முடியாது.

கொங்கு நாட்டாருக்கு இந்த நிலைமை எவ்வளவு பொருந்தாதது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தபின், ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். இயந்திரத்தை வாங்கி வந்து, பிரித்துப் பார்த்து, உட்பொருளை அறிந்து, அதைவிடச் செம்மையாக ஒன்றை வார்த்தெடுக்கும் துணிவே இவ்வூரை வளர்த்தது. இன்றும் தோட்டத்து மோட்டார் கருகிப்போனால் காயில் கட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் விவசாயிகளைப் பொள்ளாச்சியிலும் கோபியிலும் காணலாம். அத்தகையவர்கள், தங்கள் சகல விவகாரங்களையும் சுமந்து நிற்கும் ஒரு கருவியை மட்டும், "நமக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்று பிறர் கையில் விட்டுவிடுவது ஏன்? லேத்தின் தச மில்லிமீட்டர்க் கணக்குப் புரிகிறவருக்கு இது புரியாத காரியமே அன்று. கணினியைச் செப்பனிட அறியவேண்டியதில்லை. அதைத் திறக்கும் உரிமை எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால் போதும்.

அரசாங்கக் கருவூலங்களில் நெடுங்காலமாக இரட்டைப் பூட்டு முறை உண்டு. பெட்டக அறையை இரண்டு அலுவலர் தத்தம் சாவியோடு சேர்ந்து வந்தாலொழியத் திறக்க இயலாது. வங்கிக் கிளைகளோ மாற்றுச் சாவிகளை முத்திரையிட்டு வேறொரு கிளையில் வைத்துவிடுகின்றன. இந்தச் சம்பிரதாயத்தைக் கணக்கறைக்குக் கொண்டுவருவதில் எந்தக் கஷ்டமும் இல்லை. இயந்திரத்தில் இரண்டு நிர்வாகக் கணக்குகள் இருக்கவேண்டும். ஒன்று கணக்கறைப் பொறுப்பாளருடையது, மற்றொன்று முதலாளியினுடையது. அன்றாட வேலை நிர்வாக அதிகாரமற்ற மூன்றாவது கணக்கில் நடக்கவேண்டும். தீய நிரல்கள் உள்ளே புகுந்தாலும் அவற்றின் கை நீளாதிருக்க அதுவே நல்ல வழி. முதலாளியின் கடவுச்சொல்லையும் 48 இலக்க மீட்புச் சாவியையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு, நிலப் பத்திரமும் இன்ஷூரன்ஸ் பாலிசியும் வைத்திருக்கிற அதே பீரோவில் வைக்கவேண்டும். பொறுப்பாளர் விலகும் நாளில் கணக்குப் புத்தகங்களை ஒப்படைப்பதைப்போல் இதையும் ஒப்படைக்கவேண்டும். பெற்றுக்கொண்டவர் அன்றே ஒரு முறை திறந்து பார்த்து, சொல்லை மாற்றி, உறையையும் மாற்றவேண்டும்.

கடவுச்சொல்லை எங்கும் எழுதலாகாதென்று வகுப்புகளில் போதித்து வந்ததால், இதைக் கேட்டுச் சிலர் துணுக்குறலாம். எழுதிய சீட்டைத் திரையின் ஓரத்திலே ஒட்டிவைப்பது நிச்சயமாக அபாயம். பூட்டிய பீரோவில் வைப்பது அபாயமன்று. கடினமான சொல்லை இட்டு அதைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்வதே மேல் என்று பாதுகாப்பு அறிஞர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே சொல்லியிருக்கிறார். இணையவழியாக வருகிற திருடன் பீளமேட்டுப் பீரோவுக்குள் கைவிட இயலாது. குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை கடவுச்சொல்லை மாற்றும்படி வற்புறுத்துவதும் இதே போன்ற தவறான போதனைதான். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்துக்காக அந்த விதிகளை முதலில் எழுதிய பில் பர் என்பவரே 2017-இல் தாம் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாகத் தெரிவித்தார். நிறுவனமும் அவ்வாண்டிலேயே, திருடுபோனதற்குச் சான்று இருந்தாலன்றி மாற்றச் சொல்லவேண்டாம் என்று திருத்தி எழுதிற்று. திருப்பூருக்குப் போன அந்தக் கணக்கரை மறக்கவைத்தது அந்தப் பழைய விதியே.

பழுது பார்க்கிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. காந்திபுரத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கு, பூட்டிய மடிக்கணினியைக் கொண்டுவந்து திறந்து தரக் கேட்கிறவர் எல்லோரும் அதன் உடைமைக்காரர் என்று சொல்லமுடியாது. உடைமைக்காரருடைய அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ரசீதையும் அடையாள அட்டையையும் கேட்டுப் பார்த்து, ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே கைவைப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. நகலெடுத்த கோப்புகளை வாடிக்கையாளர் கண்முன்னே தம் இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டுச் செல்வதும் அதனோடு சேர்ந்தது. புதிதாகக் கணினி விற்கிறவர்கள், யாருடைய மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கப்பட்டது, மீட்புச் சாவி ஒப்படைக்கப்பட்டதா என்ற இரண்டு வரிகளை டெலிவரி சீட்டில் அச்சிட்டாலே பாதித் துன்பம் நீங்கும். 1969 முதல் சிறு தொழில்களுக்காக உழைத்துவரும் கொடிசியாவும், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தம் உறுப்பினரிடம் இதை எடுத்துச் சொன்னால், விற்பவர்கள் மறுக்கமாட்டார்கள்.

வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், கிராமத்து வீடுகள் பலவற்றில் முதன்முதலாக ஒரு கணினி வந்து சேர்ந்தது. படித்த பெண் கல்யாணமாகிப் போனபின், அவள் இட்ட கடவுச்சொல்லோடு அது அலமாரியில் கிடக்க, தம்பியோ தங்கையோ அதைத் திறக்க வழியில்லாமல் கடைக்குத் தூக்கிச் செல்வதும், கடைக்காரர் ஃபார்மேட் அடிக்க, அக்காவின் கல்லூரிப் படங்களும் எழுதிய ப்ராஜெக்டும் சேர்ந்து அழிந்துபோவதும் நடந்தே வருகின்றன. 2025-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அரசு அறிவித்தது. மறைகுறியாக்கம் தானே நிகழும் காலத்து மடிக்கணினிகள் கடைக்காரராலும் திறக்கமுடியாதவை. ஆதலால், வழங்கும் நாளன்றே ஒவ்வொரு கல்லூரியும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மாணவரும் மாணவியும் தத்தம் சொந்த மின்னஞ்சலிலேயே கணக்குத் தொடங்கும்படி பார்த்துக்கொண்டு, மீட்புச் சாவி இருக்கிற இயந்திரங்களுக்கு அதை இரண்டு பிரதிகளாக அச்சிட்டு, ஒன்றை அவர்களிடமும் மற்றொன்றைப் பெற்றோரிடமும் கொடுத்தனுப்ப வேண்டும். கல்லூரி அலுவலகம் அதன் நகல் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.